கிளட்ச் கால்

அந்த வேனில் போகிற பெண்கள் யாரும் அதை ஓட்டுகிறவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பைலட் என்றுதான் சொல்வார்கள். அந்தப் பட்டத்தைக் கொடுத்தவள் ரேடியோ. ரேடியோவுக்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்தது யார் என்று ஒருவருக்கும் நினைவில்லை. ஆனால் ஏன் கொடுத்தார்கள் என்பது வேனில் ஏறி உட்கார்ந்த அடுத்த நிமிடமே புரிந்துவிடும்.

பிஸ்கட் கம்பெனியின் காலை ஷிப்ட்டுக்கு ஆட்களை ஏற்றிப் போகிற மஞ்சள் வேன் அது. பேக்கிங் பெண்கள் எல்லோர் மேலும் சர்க்கரை கருகிய வாசனை அடிக்கும். குளித்தாலும் போகாது. தலையில் மாட்டுகிற வலைத்தொப்பியைச் சிலர் வேனிலேயே மாட்டிக்கொள்வார்கள். கிரீம் பிரிவில் வேலை செய்கிற ஒரு சின்னப் பெண் அப்போது நிறைமாதமாக இருந்தாள். அவளையும் கிரீம் என்றே கூப்பிட்டார்கள். அவள் ஏறும்போது மட்டும் கதவோர சீட்டைக் காலி செய்துவிடுவார்கள். "கிரீமுக்கு வழி விடுங்கடி, டபுள் பேக்கிங் வருது" என்று ரேடியோ கத்துவாள். வேன் முழுக்கச் சிரிக்கும். பைலட்டும் கண்ணாடியைப் பார்த்துச் சிரிப்பாள்.

அவளுக்கும் அப்போது நாலாவது மாதம். அது வேனில் ஒருவருக்கும் தெரியாது. ஸ்டியரிங்கும் புருஷனுடைய தொளதொளச் சட்டையும் மறைத்துவிட்டன. முன் சீட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கூடப்பிறந்த அக்காவுக்கு மட்டும் தெரியும்.

அக்காவைப் பற்றிச் சொல்லாமல் பைலட்டைப் பற்றிச் சொல்ல முடியாது. பைலட் ஓட்டுவாள், அக்கா பேசுவாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஏன் தாமதம் என்று டீச்சர் இவளைக் கேட்டால் பக்கத்து வகுப்பிலிருந்து அக்கா வந்து பதில் சொல்வாள். லைசென்ஸ் எடுக்கப் போன அன்றைக்கு, "என்னம்மா, பயமா இருக்கா?" என்று அதிகாரி கேட்டபோது ஜன்னலுக்கு வெளியிலிருந்து, "அவளுக்கா சார்? அவளைப் பாத்து நீங்க பயப்படாம இருங்க" என்று பதில் வந்தது. எலக்ட்ரீஷியன் ஒருவர் வீட்டு ஒயரிங்கைச் சரி செய்ய வந்து, வேலை முடிந்த பிறகும் ஏதேதோ சாக்கு சொல்லித் திரும்பத் திரும்ப வந்து, கடைசியில் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "என்னைப் பிடிச்சிருக்கா?" என்று இவளைக் கேட்டபோதும், "பிடிச்சிருக்கு தம்பி, முதல்ல ஏணியை விட்டு இறங்குங்க" என்றது அக்காதான். "நான் யாரைக் கட்டிக்கிட்டேன்னு எனக்கே இன்னும் சரியாத் தெரியல" என்று அவர் இன்றும் சொல்வார்.

அக்கா சொன்னால் சரியாக இருக்கும். பைலட் அப்படித்தான் நம்பினாள். நம்பினாள் என்றுகூடச் சொல்ல முடியாது. மூச்சு விடுவதை யாரும் நம்புகிறேன் என்று சொல்வதில்லை அல்லவா?

கல்யாணமாகிப் பல வருடம் கழித்துக் கரு தங்கியது. "வயிறு தானாத் தெரியட்டும். அதுவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடாதே" என்றாள் அக்கா. சரி என்றாள் இவள். புருஷன் மட்டும் சும்மா இருக்க முடியாமல், கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் தாழ்வாக ஒரு சின்ன விளக்குக்கு ஒயர் இழுத்து சுவிட்ச் வைத்தார். ராத்திரி குழந்தை அழுதால் பெரிய விளக்கைப் போட வேண்டாமே என்று.

ஐந்தாவது மாதம் வயிற்றுக்குள் அசைவு நின்றுபோனது. ஊரின் மறுகோடியிலிருந்த பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு நடந்த எல்லாவற்றையும் அக்கா கூடவே நின்று பார்த்தாள். புருஷன் மாடிப்படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். யாரோ அவரைத் தாண்டித் தாண்டிப் போனார்கள்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று, "கூட இருக்கறவங்க யாராவது ஒருத்தர் உள்ள வாங்க" என்று கூப்பிட்டார்கள். அக்கா போனாள். மாத்திரைப் பையோடு திரும்பி வந்தாள்.

"என்னக்கா சொன்னாங்க?"

"என்ன சொல்லுவாங்க? நல்லா சாப்பிடணும், ரெஸ்ட் எடுக்கணும். கிளம்பு."

வீட்டுக்கு வந்தபோது சுவரில் சின்ன விளக்கும் இல்லை, சுவிட்சும் இல்லை. அந்த இடத்தில் வெறும் வெள்ளைத் தகடு ஒன்று நாலு மூலையிலும் திருகி மூடப்பட்டிருந்தது. அக்கா சொல்லிப் புருஷன் முந்தின நாளே வந்து கழற்றியிருந்தார்.

"இனிமே இந்த வீட்டுல அதைப் பத்திப் பேச்சே கிடையாது" என்றாள் அக்கா. "யாருக்கும் தெரியாதது, நடக்காதது மாதிரி. கேட்டா மஞ்சள் காமாலைன்னு சொல்லிக்கலாம். நான் எங்க கிளினிக்லயும் அப்படித்தான் சொல்லி லீவு வாங்கியிருக்கேன்."

அக்காவுக்கு பிஸ்கட் கம்பெனிக்கு எதிரில் இருந்த கிளினிக்கில் முன் கவுண்ட்டரில் வேலை. வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுப்பாள், யாருக்கு என்ன என்று டாக்டருக்கு முன்கூட்டியே சொல்வாள். ஊரில் பாதிப் பேரின் வியாதி அவளுக்குத் தெரியும். ஊருக்குத் தன் வீட்டுச் சங்கதி தெரியக்கூடாது என்பதில் மட்டும் உடும்புப்பிடியாக இருந்தாள்.

அந்த நாட்களில் அக்கா பார்த்துக்கொண்டதை யாரும் குறை சொல்ல முடியாது. கட்டிலுக்கே சாப்பாடு வந்தது. கட்டிலுக்கே வெந்நீர் வந்தது. தண்ணீர் குடிக்க எழுந்தால், "காலைக் கீழ வைக்காதடி, நான் எதுக்கு இருக்கேன்?" என்று அதட்டல் வந்தது. பைலட் படுத்தே கிடந்தாள். சுவரில் வெள்ளைத் தகடு. அதைப் பார்க்காமல் இருக்க மறுபக்கம் திரும்பிப் படுப்பாள். அந்தப் பக்கம் அக்கா உட்கார்ந்திருப்பாள்.

மூன்று வாரம் போல ஆனதும் வேனுக்குத் திரும்பினாள். ரேடியோ அவளுடைய இமையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள்.

"இன்னும் மஞ்சளாத்தான் இருக்கு. வேனும் மஞ்சள், ஓட்டறவளும் மஞ்சள். ஒரே பெயின்ட்டா அடிச்சுட்டாங்களா?"

"விடுடி, பாவம்" என்றாள் அக்கா. "ஏறு, ஏறு."

அன்றைக்குக் கதவோர சீட்டு காலியாக இருந்தது. கிரீமுக்குப் பிள்ளை பிறந்துவிட்டது என்றார்கள். ஆண்பிள்ளை. ரேடியோ எடை உட்பட எல்லாம் சொன்னாள். பைலட் கியரை மாற்றினாள்.

கால் வலி அதற்குச் சில நாள் கழித்துத் தொடங்கியது. இடது கால். கெண்டைக்காலில் யாரோ உள்ளேயிருந்து பிடித்துக்கொண்டிருப்பதுபோல ஒரு வலி. ஓட்டுகிறவர்களுக்கு இது ஒரு விஷயமே அல்ல. இடது கால் கிளட்ச் கால். நெரிசலில் ஆயிரம் தடவை மிதிக்கிற கால். எல்லா டிரைவர்களும் இதைச் சொல்லிப் புலம்புவார்கள், ஓய்ந்த நேரத்தில் ஒருவர் காலை ஒருவர் கேலி செய்வார்கள். இத்தனை நாள் படுத்துக் கிடந்துவிட்டுத் திடீரென்று மிதித்தால் வலிக்காமல் என்ன செய்யும்?

புருஷன் விடுமுறை நாளில் வேனுக்கு அடியில் படுத்து, கிளட்ச் கேபிளையே புதிதாக மாற்றினார். "மிதிச்சுப் பாரு, காகிதத்தை மிதிக்கிற மாதிரி இருக்கும்" என்றார். அப்படித்தான் இருந்தது. மிதி லேசாகிவிட்டது. வலி மட்டும் கூடிக்கொண்டே போனது. சாயங்காலம் செருப்பைக் கழற்றினால் இடது காலில் வார் பதிந்த தடம் பள்ளமாகத் தெரிந்தது. வலது காலில் ஒன்றும் இல்லை. இரண்டு காலையும் சேர்த்து நீட்டினால் வேறு வேறு ஆட்களுடைய கால்கள் மாதிரி இருந்தன. இடது காலைத் தொட்டால் சூடாக இருந்தது.

அக்கா அந்தக் காலை வெகுநேரம் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அக்கா ஒன்றும் சொல்லாமல் இருந்தது அதிசயம்தான். பைலட் அதைக் கவனிக்கவில்லை.

மறுநாள் கிளினிக்குக்குக் கூட்டிப் போனாள். வரிசையில் இருந்தவர்களைத் தாண்டி நேராக உள்ளே. டாக்டர் காலை அழுத்திப் பார்த்தார்.

"சமீபத்துல ஏதாவது ஆபரேஷன், பிரசவம், அபார்ஷன்? காமாலையைத் தவிர?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றாள் அக்கா. "ஓட்டற வேலை. கிளட்ச் கால்."

பைலட் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அந்த நிமிடத்தில் அவளுக்கு அக்கா மேல் பாசமே பொங்கியது. அந்த வார்த்தையைத் தன் வாயால் சொல்ல வேண்டியிராமல் செய்துவிட்டாளே என்று. அவளும் தலையாட்டினாள். டாக்டர் வலி மாத்திரையும் தேய்க்கிற மருந்தும் எழுதினார்.

அன்றிலிருந்து தினம் சாயங்காலம் அக்கா அவளுடைய காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு தேய்த்துவிட்டாள். மருந்து வாசனை வீடு முழுக்க அடித்தது. அக்காவின் கை மெதுவாக, பயந்த மாதிரி, மேலும் கீழும் போய்வந்தது. "இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேயேன்" என்பாள் பைலட். "போதும், போதும்" என்பாள் அக்கா. பைலட் அப்படியே தூங்கிப்போவாள்.

அது நடந்தது ஒரு காலை ஷிப்ட்டில். மேம்பாலத்து ஏற்றத்தில் கியரை இறக்கப் போனபோது மூச்சு பாதியில் நின்றது. இன்னொரு முறை இழுத்தாள். நெஞ்சில் வலது பக்கம் ஊசி இறங்கியது. இழுக்க இழுக்கக் காற்று உள்ளே போகவில்லை. கண்ணாடியில் இருந்த முகங்கள் எல்லாம் தூரமாகப் போயின. அந்த நிலையிலும் அவள் சிக்னல் போட்டு வண்டியை ஓரங்கட்டினாள், ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். பிறகுதான் ஸ்டியரிங் மேல் சாய்ந்தாள்.

"ஏய் பைலட்! என்னடி ஆச்சு?" ரேடியோ சீட்டுகளைத் தாண்டி வந்துவிட்டாள். பின்னால் வந்த ஒரு காரை நடு ரோட்டில் நின்று மறித்தவள் அவள்தான். பைலட்டை ஒரு பக்கம் அக்காவும் ஒரு பக்கம் ரேடியோவும் தாங்கி ஏற்றினார்கள். "பெரிய ஆஸ்பத்திரிக்கு விடுங்க" என்றாள் ரேடியோ. "பெரிய ஆஸ்பத்திரி வேண்டாம், எங்க கிளினிக்..." என்று அக்கா ஆரம்பித்தாள். "கிளினிக்காம் கிளினிக்! மூச்சு நிக்குது அவளுக்கு. விடுங்க சார்!"

அவசரப் பிரிவில் முகமூடி மாட்டிக் காற்று விட்டார்கள். ஒரு சின்ன வயசு டாக்டரம்மா குனிந்து பார்த்துவிட்டு, எல்லோரையும்போல அக்கா பக்கம் திரும்பினார். பேசுகிறவள் அவள்தான் என்று யாருக்கும் பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

"எப்போலேர்ந்து? கால் ஏன் இப்படி வீங்கியிருக்கு? சமீபத்துல குழந்தை பிறந்துச்சா, கரு ஏதாவது கலைஞ்சுதா?"

அக்கா பதில் சொல்வதற்கு முன் ஒரு தடவை ரேடியோவைப் பார்த்தாள்.

ஒரே ஒரு பார்வைதான். பைலட் அதைக் கட்டிலில் படுத்தபடியே பார்த்தாள். காற்றுக்குத் திணறிக்கொண்டிருந்தவளுக்கு அந்தப் பார்வை மட்டும் கண்ணாடிபோலத் தெளிவாகத் தெரிந்தது. தராசின் ஒரு தட்டில் தன் மூச்சு, மறு தட்டில் ரேடியோவின் வாய். அக்கா எடை போட்டுப் பார்த்துவிட்டாள்.

"இல்ல டாக்டர்" என்றாள் அக்கா. "மஞ்சள் காமாலை வந்து..."

பைலட் முகமூடியைப் பிடுங்கினாள். டாக்டரம்மாவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"பொய்" என்றாள். மூச்சு வாங்கினாள். "அஞ்சு மாசம். இங்கதான். போயிடுச்சு. போன மாசம்."

அதன் பிறகு யாரும் அக்காவிடம் எதுவும் கேட்கவில்லை. கட்டில் உருண்டது. ஸ்கேன் அறைக்குள் போய் வெளியே வந்தது. காலின் உள்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாகியிருந்தது. அதில் ஒரு துண்டு கழன்று மேலே ஏறி நுரையீரலில் அடைத்திருந்தது. ரத்தம் மேலும் உறையாமல் இருக்க ஊசி போட்டார்கள். "இன்னும் கொஞ்சம் பெரிய துண்டா இருந்திருந்தா..." என்று புருஷனிடம் யாரோ சொல்லத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள்.

இரண்டு நாள் கழித்து, மூச்சு ஓரளவு சீரான பிறகு, பிரசவப் பிரிவு டாக்டரம்மா வந்தார். ஸ்கேன் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டவர். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பைலட்டின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை உயிரோட பிறந்தாலும் சரி, நடுவுல போனாலும் சரி, உடம்புக்கு அது தெரியாதும்மா. ரத்தம் கொஞ்ச நாளைக்குச் சீக்கிரம் உறையற மாதிரியேதான் இருக்கும். முதல் ஆறு வாரம் ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும். மூணு மாசம் வரைக்கும்கூட வரலாம். அதனாலதான் படுத்தே கிடக்காதே, எழுந்து நடன்னு சொல்றது. ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, மூச்சு முட்டினாலோ ஒரு நிமிஷம் காத்திருக்காம ஓடி வரணும்."

"எனக்கு யாரும் சொல்லலையே டாக்டர்."

டாக்டரம்மா நிமிர்ந்து, ஜன்னல் பக்கம் நின்ற அக்காவைப் பார்த்தார். "உங்ககிட்டதானே சொன்னேன்? திருப்பிச் சொல்லச் சொன்னேன், நீங்களும் சொன்னீங்களே."

அவர் போன பிறகு புருஷன் எழுந்து வெளியே போனார். அவருக்கும் இது புதுச் செய்தி. கதவு தானாக மூடிக்கொண்டது. அக்கா ஏற்கெனவே மடித்திருந்த துண்டைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

"மறந்துட்டியாக்கா?" பைலட் கேட்டாள். ஆமாம் என்று அக்கா சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. மறதி என்றால் மன்னித்துவிடலாம்.

"உன்னைப் பயமுறுத்த வேண்டாம்னு நினைச்சேன். நானே தினம் கவுண்ட்டர்ல நூறு பேருக்குச் சொல்றேன், அப்படி ஆனா வாங்க, இப்படி ஆனா வாங்கன்னு. யாருக்கு என்ன ஆயிடுது? அழுதழுது கிடந்தே. அதுக்கு மேல இதையும் சொல்லணுமா?"

"சரி. கால் வீங்கினப்போ?"

துண்டு மூன்றாவது தடவை பிரிந்தது.

"கால் வீங்கினப்போ நினைவு வந்துச்சாக்கா?"

"வந்துச்சு."

"அப்புறம்?"

"எங்க டாக்டர்கிட்ட காமாலைன்னு சொல்லி லீவு வாங்கினவ நான். எந்த முகத்தை வச்சுக்கிட்டு மாத்திச் சொல்றது? உனக்கு அப்படியெல்லாம் வராதுன்னு நினைச்சேன்டி. நாளைக்குச் சரியாயிடும், நாளைக்குச் சரியாயிடும்னு..."

"தினம் தேய்ச்சுவிட்டியே."

அக்கா துண்டின் ஓரத்தை நீவினாள்.

"தேய்க்கக் கூடாதுன்னும் சொன்னாங்களா?"

"சொன்னாங்க, தேய்ச்சா கட்டி கழண்டு மேல ஏறிடும்னு" என்றாள் அக்கா. பிறகு அவசரமாக, "தேய்க்கலன்னா நீ ஏன்னு கேப்பே. என்னத்தைச் சொல்றது? மெதுவாத்தான் தேய்ச்சேன். ரொம்ப மெதுவா."

பைலட் தன் இடது காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். சாயங்கால வெளிச்சமும் அந்த மருந்து வாசனையும் மடியின் சூடும், தூக்கம் வருகிறவரை மேலும் கீழும் போய்வந்த கையும் நினைவுக்கு வந்தன. வாழ்க்கையில் அவளை யாரும் அவ்வளவு அன்பாகத் தொட்டதில்லை. அந்த ஒவ்வொரு சாயங்காலமும் அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது.

"நீ வீட்டுக்குப் போக்கா" என்றாள்.

வீட்டுக்குத் திரும்பிய அன்று புருஷன் அவள் கேட்காமலே திருப்புளியை எடுத்து வந்தார். சுவரிலிருந்த வெள்ளைத் தகட்டின் நாலு திருகையும் கழற்றினார். பழைய சுவிட்சையும் சின்ன விளக்கையும் மறுபடி பொருத்தினார். பொருத்திவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேரும் பிள்ளையைப் பற்றி முதல்முதலாகப் பேசினார்கள். அழுதார்கள். யாரும் அதட்டவில்லை.

வேனுக்கு வர இன்னும் இரண்டு மாதம் ஆனது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை தொடர்ந்தது. தினம் நடந்தாள். வீக்கம் வடிந்தது. நடுவில் வேறொரு டிரைவர் ஓட்டினாராம். "அந்த ஆளு பிரேக் போட்டா எங்க பல்லு எதிர் சீட்டுல" என்று பெண்கள் குறை சொன்னார்கள்.

முதல் நாள் காலை அக்கா வழக்கமான இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். வண்டி நின்றதும் முன் கதவைத் திறந்தாள். முன் சீட்டில் பைலட்டின் பையும் தண்ணீர் பாட்டிலும் இருந்தன. அக்கா எடுத்து மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று கையை நீட்டினாள்.

"பின்னாடி இடம் இருக்கு" என்றாள் பைலட், சாலையைப் பார்த்துக்கொண்டே.

அக்கா நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். பிறகு முன் கதவைச் சாத்திவிட்டு, பின்னால் ஏறி, வலைத்தொப்பிகளுக்கு நடுவே உட்கார்ந்தாள். ஏதோ மாறியிருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்தது. என்ன என்று ஒருத்திக்கும் தெரியவில்லை. ஏனென்றால் ஆஸ்பத்திரியில் கேட்டதைப் பற்றி ரேடியோ அந்த இரண்டு மாதமும் வாயைத் திறக்கவே இல்லை. எதற்குப் பயந்து அக்கா அந்தப் பார்வை பார்த்தாளோ, அது நடக்கவே இல்லை. இப்போதும் ரேடியோ ஜன்னலுக்கு வெளியே ஏதோ அதிசயம் நடப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிரீம் வேலைக்குத் திரும்பியிருந்தாள். கதவோர சீட்டில் இருந்தாள். அவள்தான் கேட்டாள்.

"இத்தனை நாளா என்ன பைலட் அக்கா? மறுபடியும் காமாலையா?"

"ஆமாம்மா, காமாலை திரும்பி..." பின்னாலிருந்து குரல் தன் பழக்கத்தில் கிளம்பிவிட்டது. பைலட் கண்ணாடியில் நிமிர்ந்து பார்த்தாள். குரல் அறுந்தது.

"காமாலை இல்ல. முன்னாடியும் இல்ல" என்றாள் பைலட். வண்டியை ஓரமாக நிறுத்தினாள். அவளுடைய குரலை வேனில் அவ்வளவு நீளமாக யாரும் கேட்டதில்லை. "எனக்கும் வயித்துல பிள்ளை இருந்துச்சு, உனக்கு இருந்தப்போவே. அஞ்சாவது மாசம் போயிடுச்சு. அதுக்கப்புறம் கால்ல ரத்தம் உறைஞ்சு, அது நுரையீரலுக்குப் போயிடுச்சு. பிள்ளை பெத்தவளுக்கும் வரும், தங்காம போனவளுக்கும் வரும். அது எனக்குத் தெரியாமப் போச்சு. உனக்கு ஒரு கால் மட்டும் வீங்கினா, வலிச்சா, மூச்சு வாங்கினா யாருக்காகவும் நிக்காதே. ஆஸ்பத்திரிக்குப் போ. பிள்ளை பெத்திருக்கேன்னு நீயே உன் வாயால சொல்லு."

யாரோ "ஐயோ பைலட்" என்றார்கள். ரேடியோ ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கிரீம் தன் இரண்டு கால்களையும் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எனக்கும் யாரும் சொல்லலையே அக்கா. உங்களுக்குமா? இவ்வளவு பெரிய விஷயத்தை ஒருத்தருமா சொல்லாம விட்டாங்க?"

பைலட் கண்ணாடியில் தேடினாள். தொப்பிகளுக்கு நடுவே அந்த முகம் இருந்தது. டீச்சருக்கும், அதிகாரிக்கும், ஏணியில் நின்றவருக்கும், இரண்டு டாக்டர்களுக்கும் தனக்குப் பதிலாகப் பதில் சொன்ன முகம்.

"அதை எங்க அக்காகிட்ட கேளு" என்றாள்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பைலட் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பின்னாலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. பிறகு அவள் இடது காலை ஊன்றிக் கிளட்சை மிதித்தாள். வலிக்கவில்லை. வண்டி நகர்ந்தது.